கிளட்ச் மேல் ஒரு கால்

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஊர் முடிந்து, சிமெண்ட் கிடங்குகளும் முடிந்து, அதற்கப்புறமும் போகிற ஒரு சாலை. தெருவிளக்கு கடைசிக் கிடங்கோடு நின்றுவிடும். மீதி இருட்டு. அந்த இருட்டின் கோடியில் ஒரு வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். ஷெட்டில் மட்டும் விளக்கு. உள்ளே ஒரு கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது...

இப்படித்தான் ஆரம்பிப்பேன். கரண்ட் போன இரவுகளில், நாத்தனார், கொழுந்தன், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். "என் சிநேகிதியோட அக்கா வீட்ல நடந்தது" என்பேன். என் கணவர் சுவரில் சாய்ந்தபடி கேட்பார். மகள் அவர் மடியில் இருப்பாள். அவள் பயப்படக் கூடாதென்றுதான் அந்தச் சிநேகிதியின் அக்காவைக் கட்டிவிட்டேன். போன வருஷம் என் கணவர் காலமாகிவிட்டார். மகளுக்கும் இப்போது வேறு ஊர். இனி இல்லாத அக்காவை இழுத்து வர வேண்டியதில்லை. அது எங்கள் வீடு.

அவருக்குப் பல் செட் செய்யும் வேலை. காரெல்லாம் எங்கள் சக்திக்கு மீறியது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பும் கூடவே வரும். அந்தச் சாலையில் ராத்திரி ஒரு வண்டி கிடைக்காது. ஒரு முறை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்கு வரைக்கும் ஓடினார். திரும்பி வந்ததும் அங்கே இங்கே கேட்டு, எங்கள் இரண்டு பேர் வயதையும் சேர்த்தாலும் தாண்டும் ஒரு பழைய காரை வாங்கிவிட்டார். யாருடையது, எத்தனை கை மாறியது, எதுவும் தெரியாது. விற்றவர் தரகர்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. கிளம்பும்போது மட்டும் முன்பக்கம் 'தடக்' என்று ஒரு இடி. பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்ஜின் மொத்தமாக ஒரு பக்கம் எழும்பி எழும்பி உட்காரும்.

"இன்ஜின தாங்குற ரப்பர் போயிடுச்சு" என்றார். "ஈறு கெட்டா பல்லு ஆடுமே, அது மாதிரி. பல்லுல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப புடுங்கிட்டு செட் கட்டிடுங்க."

"உன் வாய்க்கு மொதல்ல கட்டணும்."

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் புது மவுண்டிங் ரப்பர், புஷ் எல்லாம் போட்டார். வண்டி பூனை மாதிரி வந்து ஷெட்டில் நின்றது. அந்த வாரம் முழுக்க நாங்கள் அதை எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் எடுத்தால்... தடக்.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். கட்டியான ரப்பர், நடுவில் பிய்ந்து போயிருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, ராத்திரில ரேஸ் விடுறீங்களா?"

"நான் வண்டிய எடுக்கவே இல்லப்பா."

"சும்மா நின்னா இது கிழியாது. கியரப் போட்டு, பிரேக்க இறுக்கிப் பிடிச்சுகிட்டு, கிளட்ச விட்டு விட்டு முறுக்கினாத்தான் இப்படிப் பிய்யும். யாரோ ஒரே எடத்துல நிறுத்தி முறுக்கியிருக்காங்க."

மட்டமான ரப்பரைத் தலையில் கட்டிவிட்டு மழுப்புகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார். வேறு கடையில் வாங்கித் தானே மாட்டுவது என்று முடிவு. குழந்தைக்கு அன்றைக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. காலைக்குள் வண்டி தயாராக வேண்டும். அதனால்தான் அந்த வேலை ராத்திரி வரைக்கும் இழுத்தது.

மாட்டியாயிற்று. இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து கியர் போட்டு, கிளட்சை லேசாக விட்டு, கொஞ்சமாக ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். இன்னொருத்தர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். விளக்கு மாட்டும் ஆணி பின்சுவரில் இருந்ததால் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. இவர் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில். பானெட் திறந்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவருக்கும் தெரியாது. குரல் மட்டும்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கியா? ஃபர்ஸ்ட் போடு. கொஞ்சமா விடு. கொஞ்சமான்னா கொஞ்சமா. நான் நடுவுல நிக்கறேன்."

"இன்சூரன்ஸ் கட்டியிருக்கீங்களா?"

"வண்டிக்குத்தான் கட்டியிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். பயந்தால் என் கால் தானாகக் கிளட்சிலிருந்து எழுந்துவிடும், வண்டி துள்ளும். அதனால் வியர்க்க வியர்க்க அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டுக்குள் குழந்தை அழுதாள்.

நியூட்ரல் போட்டேன். பிரேக்கைச் சரிபார்த்தேன். "பாப்பா அழறா, பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தபடி விட்டு ஓடினேன். இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அது எனக்கும் தெரியவில்லை.

குழந்தைக்கு நெற்றி சுட்டது. மருந்து கொடுத்து, பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தேன். வெளியே இன்ஜின் சத்தம் ஏறி இறங்கியது. கையாலேயே ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்து ரேஸ் பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஏறி... இறங்கி... குழந்தை தூங்கிப்போனாள்.

அப்புறம் சத்தம் மாறியது. அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு இழுவை. அது கையால் வருகிற சத்தம் இல்லை. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால்தான் இன்ஜின் அப்படி முனகும்.

சமையலறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

நான் திறந்து வைத்த கார்க் கதவு சாத்தியிருந்தது. பெட்ரோல் வாசனை, சூடான ரப்பர் வாசனை. இரண்டுக்கும் அடியில், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே... அந்த வாசனை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. கியர் ஃபர்ஸ்ட்டில் இருந்தது. கீழே கிளட்ச் பெடல் பாதி வரைக்கும் இறங்கி, அங்கேயே... மெல்ல மேலேயும் கீழேயும் அசைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொழுந்தனின் பையன், "பெரியம்மா, லைட்டப் போடுங்க" என்பான். கரண்ட் இல்லை என்பதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இவர் குரல் சந்தோஷமாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் விடு... ம்... அங்கேயே வை. இன்னிக்கு நல்லா வருதே உனக்கு. கால் நடுங்கவே இல்ல."

கத்தக் கூடாது என்று மட்டும் தோன்றியது. கத்தினால் அந்தக் கால் எழுந்துவிட்டால்? சுவரோடு ஒட்டி ஒட்டிப் போய் அவர் கையைத் தொட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்தார். சிரிக்கத்தான் போனார். அப்புறம் இன்ஜினைப் பார்த்தார். அது, அவர் சொன்ன இடத்திலேயே, ஒரு விரல் அளவு எழும்பி, அப்படியே நின்றிருந்தது.

பம்பர் அவர் முட்டியைத் தொட்டது.

அவருடைய குரல் மாறவே இல்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, உள்ளே நான் இருப்பது மாதிரியே பேசினார்.

"சரி, போதும். கிளட்ச அமுக்கிக்கோ."

இன்ஜின் உட்கார்ந்தது.

"அப்படியே வச்சிரு. விட்டுடாத."

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு கால், இன்னொரு கால் என்று வெளியே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தூண் பக்கமாக நிறுத்தினார். பிறகு அதே குரலில், "வேல முடிஞ்சுது. ஆஃப் பண்ணிட்டு உள்ள போ" என்றார்.

ஓட்டப் பழகி முடிக்கும்போதெல்லாம் எனக்குச் சொல்கிற வார்த்தைதான். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

சாவி திரும்பியது. இன்ஜின் நின்றது. சூடான இரும்பு டிக்... டிக்... என்று ஆறுகிற சத்தம் மட்டும். அப்புறம் கார்க் கதவு திறந்தது. மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்த பீரோ வாசனை எங்களைக் கடந்து போனது. எதுவும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தலையைத் திருப்பி, அது போகிற பக்கத்தைப் பார்த்தோம்.

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

குழந்தை உள்ளே.

நான் கதவில் போய் விழுந்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். குழந்தை அழ ஆரம்பித்தாள். பயந்த அழுகை. அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். பிறகு அழுகை தேம்பலாகி... அடங்கியது. உள்ளே யாரோ தட்டிக்கொடுக்கிற சத்தம். தப்... தப்... தப். வாய்க்குள்ளேயே ஒரு முனகல், தாலாட்டு மாதிரி. எனக்குத் தெரியாத பாட்டு. குழந்தை ஒரு தடவை சிணுங்கினாள். பதிலுக்கு அந்தக் குரல் "ம்" என்றது.

அவர் கடப்பாரையைக் கொண்டுவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார். அதற்குள் எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

அறையில் யாரும் இல்லை. குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். காய்ச்சல் சுத்தமாக இறங்கியிருந்தது. அதற்கப்புறம் அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை. விடிவதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு நடந்தே வந்துவிட்டோம். வண்டியை என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றவர்களிடம் கதையை இங்கே முடித்துவிடுவேன். மீதியை அவரிடம்கூடச் சொன்னதில்லை. குழந்தையைத் தூக்கக் குனிந்தபோது என் கை அவள் பக்கத்தில் இருந்த தலையணையில் பட்டது. என் தலையணை. நடுவில் குழிந்து, வெதுவெதுப்பாக இருந்தது. நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டதும், தூக்கத்திலேயே, முகத்தை அந்தத் தலையணைப் பக்கமாகத் திருப்பிக் கையை நீட்டி, "அம்மா" என்றாள்.