ஏற்றத்தில் முந்தப் போன ஒரு லிட்டர் கார்

பெயர் நோரீன் மெக்கின்லி, வயது 52, கணவர் பெயர் ஃபின்டன், பள்ளிச் சமையலர், இருப்பிடம் டோனிகல் நகரம், அயர்லாந்து.

நான் மேற்கண்ட ஊரில் குடியிருந்து வருகிறேன். என் பெயரிலுள்ள சிறிய காரின் எஞ்சின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். தினமும் நான் மட்டும் அதில் வேலைக்குப் போய் வருவேன். பெட்ரோல் அதிகம் குடிக்காது, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆனால் நாலு பேர் ஏறினால் மேட்டில் இழுக்காது என்பது எனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிறு மதியம் பாலிபோஃபேயில் நடக்கவிருந்த கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு நானும் என் கணவரும் அவர் தம்பி கஹலும் கஹலின் மனைவியும் என் காரில் புறப்பட்டோம். அதன் பிறகு மலைக் கணவாய் ஏற்றத்தில், புல் ஏற்றிய பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் முன்னால் மெதுவாகப் போனது. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. கஹல் பின்னாலிருந்து, "அண்ணி, இந்தத் தையல் மெஷின கொஞ்சம் மிதிச்சுத்தான் பாருங்களேன்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் பொறுத்துப் போகலாம் என்றார்.

அதன் பிறகு நான் ஏசியை அணைத்து, மூன்றாம் கியருக்கு இறக்கி, வலப்பக்கம் ஏறி முழுக்க மிதித்தேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. டிரெய்லரின் பாதி நீளத்தைக்கூட நான் தாண்டாதபோது மேட்டு உச்சியில் ஒரு வெள்ளை வேன் தெரிந்தது. உடனே பிரேக் போட்டு டிரெய்லருக்குப் பின்னால் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பின்தொடர்ந்து ஒரு நீலக் காரும் முந்த வந்திருக்கிறது. நான் திரும்பியதால் அது ஒதுங்க இடமில்லாமல் போனது. வேன் அதைத் தவிர்க்க ஒடித்து, ஓரத்துக் கற்சுவரில் மோதி நின்றது.

அதன் பிறகு நான் வண்டியை ஓரங்கட்டினேன். உடனே இறங்கவில்லை. கஹல்தான் முதலில் ஓடிப்போய் வேனின் கதவை நெம்பித் திறந்தார். ஓட்டி வந்தவருக்கு நினைவில்லை. காலணி ஒன்று கழன்று சாலையில் கிடந்தது. காயமில்லாமல் தப்பிய நீலக் கார்க்காரர் என் ஜன்னலருகே வந்து, "நீங்க போறீங்கன்னு நம்பித்தானே நானும் வந்தேன். ஏங்க திரும்புனீங்க?" என்று கேட்டார்.

இன்று காவல் நிலைய வாசலில், தான் காரில் சொன்னதை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம் என்று கஹல் என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது உண்மை என்பதால் சேர்த்திருக்கிறேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் மிதித்திருப்பேனா என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். வேன்காரர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். இன்னும் கண் விழிக்கவில்லை என்றார்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் உண்மை. மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்) நோரீன் மெக்கின்லி