காய்ச்சாத வாஷர்

டீ ஆறிவிடப் போகிறது சார், முதலில் அதைக் குடியுங்கள். சின்னமனூரில் பால் நன்றாக இருக்கும், மதுரையில் இப்படிக் கிடைக்காது. மலையேறிப் போய் எரிந்த காரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை என்றால் நாலு இடத்துக்கு அலையத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கம்பத்து ராவுத்தருடைய காரில், டர்போவுக்குப் போகிற ஆயில் பைப்பை மாட்டியது யார்? என் மகள் ஜெபராணிதான். அவளே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கட்டிலில் கிடந்தபடி, "நான்தான் சார் மாட்டுனேன், என் கைதான் சரியா முடுக்கல" என்று அழுதாளாமே. அவளுக்குப் பொய் சொல்ல வராது. மாட்டியது அவள்தான். அது ஏன் ஒழுகியது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்கிறேன்.

என் பெயர் பலவேசம் என்பது போர்டிலேயே இருக்கிறது. இந்த ஷெட் என்னுடையது. என் சம்சாரம் அன்னத்தாய் செத்தபோது ஜெபராணி பாவாடை கட்டுகிற பிள்ளை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இங்கேயே கொண்டுவந்து உட்கார வைத்தேன். விளையாட்டாகப் பானா, திருப்புளி என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தவள் அப்படியே வேலை கற்றுக்கொண்டாள். அவள் விரல் மெல்லிசு. எஞ்சினுக்குப் பின்னால் என் கை நுழையாத இடத்தில் அவள் கை நுழையும். கடினமான போல்ட் எல்லாம் அவள் பொறுப்பு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வண்டிகள் என்னைத் தேடி வந்ததாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தக் கைக்காகத்தான் வந்தன.

உமர் பாருக் ராவுத்தருக்கு மேகமலையில் ஏலத்தோட்டம். அவருடைய டீசல் கார் மேட்டில் மூச்சு வாங்கும். சிங்கப்பூரில் இருக்கிற மகன் லீவுக்கு வந்தபோது ஒரு டர்போ கொண்டுவந்தான். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் சுற்றுகிற விசிறி அது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும். அதன் ஒரு பக்கத்து இரும்பு, மலை ஏறும்போது அடுப்புக் கங்கு மாதிரி சிவந்துபோகும். அதனால் எண்ணெய் விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் கொண்டுபோகிற பைப்பின் முனையில் ஒரு போல்ட், அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு செப்பு வாஷர். எண்ணெயைக் காப்பது அந்த இரண்டு வாஷரும்தான்.

செப்பு வாஷர் ஒரு தடவை இறுகிவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். அதையே மறுபடி போடுவதானால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். இளகிவிடும். பிறகு முடுக்கினால் பள்ளம் மேடெல்லாம் அப்பிக்கொள்ளும். எங்கள் ஷெட்டில் இது ஜெபராணியின் வேலை. டீ போட்டு இறக்கிய கையோடு, பம்ப் ஸ்டவ்வில் கம்பியில் கோத்துக் காய்ச்சுவாள். காய்ச்சாத வாஷரை அவள் தொட்டதே இல்லை.

சுந்தர்ராஜைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ராவுத்தரிடம் டிரைவராக இருந்தான். காரை விட வருவான், போவான். ஜெபராணிக்குப் பிடித்துப்போயிற்று. நானே முன்னின்று சர்ச்சில் கல்யாணம் பண்ணிவைத்தேன். இங்கேயே இருந்துகொள்வதாகத்தான் பேச்சு. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ராவுத்தர் தோட்டத்தில் அவனுக்கு ஒரு வீடு ஒதுக்கினார். நல்ல மனதோடுதான் செய்தார். ஜெபராணியும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

தூரம் என்று பார்த்தால் மேகமலை ஒன்றும் சீமை இல்லை சார். அந்த வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் சாயந்தரம் ஷெட்டை மூடிவிட்டு ஆளில்லாத வீட்டைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்குக் கால் வரவில்லை. சோறு இறங்கவில்லை. "அங்கன அட்டக்கடியில போயி என்னத்தா பண்ணப்போற" என்று கேட்டேன். சிரித்தாள். வெட்கத்தை விட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் கண் கலங்கி, "மாமா, ஞாயித்துக்கெழமதோறும் கோயிலுக்குக் கூட்டியாறேன் மாமா, கவலப்படாதீக" என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும். மற்ற நாளெல்லாம் நான் என்ன செய்வேன் என்று அவன் யோசிக்கவில்லை. நல்ல பையன், அவ்வளவு தூரம் யோசிக்க வயதில்லை.

டர்போ வேலையும் அந்த வாரம்தான் முடிந்தது. புது வேகத்தோடு கார் முதல்முதலாக மலை ஏறும்போது புதுமணத் தம்பதியும் சாமான்களோடு போகட்டும் என்று ராவுத்தர் சொல்லிவிட்டார். கடைசியாக ஆயில் பைப் மட்டும் மாட்ட வேண்டியிருந்தது. புது வாஷர் இல்லை. கழற்றிப் போட்ட பழைய வாஷர்கள் இரண்டு ஒரு டப்பாவில் கிடந்தன. ஜெபராணி காருக்குள் குனிந்து, பின்பக்கமாகக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.

"காச்சிட்டீகளாப்பா?"

"ஆச்சு ஆத்தா."

அவ்வளவுதான் நான் செய்தது. அவள் மாட்டி, முடுக்கி, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். ஸ்டார்ட் பண்ணியபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. இங்கே ஒழுகாது என்று எனக்குத் தெரியும். எண்ணெய் சூடேறி, மேட்டில் எஞ்சின் முக்கும்போதுதான் அது வெளியே வரும்.

முதல் பயணத்திலேயே கார் புகைந்து நின்றால் சகுனம் சரியில்லை என்று பெண்ணைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்களை மாதிரி வேதக்காரர்கள் சகுனம் பார்க்கக்கூடாதுதான். ஆனால் எங்கள் ஆட்களும் பார்ப்பார்கள். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ராத்திரியில் இதைச் சொன்னால்தான் தூக்கம் வருகிறது.

கிளம்பும்போது எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். பானெட்டில் கை வைத்து நான்தான் ஜெபம் பண்ணினேன். ராவுத்தர்கூடத் தலை குனிந்து நின்றார். ஜெபராணி முன் சீட்டில் ஏறப்போனாள். "சாமானெல்லாம் சரியும், பின்னால உக்காந்து பிடிச்சுக்கத்தா" என்றேன். பின்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "டர்போ வண்டிய ஓடுன சூட்டோட அணைக்கக் கூடாது மாப்ள. எது நடந்தாலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அணைக்கணும்" என்றேன். நீங்கள் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சரியான புத்திமதி. எது நடந்தாலும் என்ற வார்த்தையை மட்டும் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

மேலே நடந்ததை ஜெபராணிதான் சொன்னாள். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பானெட்டிலிருந்து புகை வந்திருக்கிறது. அவன் ஓரமாக நிறுத்தியிருக்கிறான். இவள் பின்னாலிருந்து, "மொதல்ல எஞ்சின அணைங்க" என்றிருக்கிறாள். அவன், "இரு, மாமா அணைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டே இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கியிருக்கிறான். எஞ்சின் ஓடினால் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டுதானே இருக்கும். சிவந்த இரும்பின் மேல். பானெட்டைத் திறந்ததும் காற்றும் கிடைத்துவிட்டது.

அணைத்திருந்தால் புகையோடு போயிருக்கும் சார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அணைக்காதே என்று சொன்னேன். கார் மட்டும் நின்றுபோனால் மறுநாள் வேறு காரில் கூட்டிப்போயிருப்பான். அவன் அப்படிப்பட்ட பையன்.

அவள் அவனைத் தீக்குள்ளிருந்து இழுப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை. பின் சீட்டில் இருந்தால் இறங்கி ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. எரிகிற சட்டையைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறாள். விரலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இனி பானா பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிற வாஷரை எந்த லேபில் கொடுத்தாலும் ஒன்றும் தெரியாது. அது இப்போது இளகித்தான் இருக்கும். நான் காய்ச்சாததைத் தீ காய்ச்சிவிட்டது. வாஷர் சரியாக இருக்கிறது, முடுக்கிய கைதான் சரியில்லை என்றுதான் உங்கள் ரிப்போர்ட் வரும். வேலை தெரியாத பெண் செய்த தப்பு என்று எழுதுவீர்கள். அதனால்தான் சொல்லிவிட்டேன். எழுதுவதென்றால் என் பேரை எழுதுங்கள், போலீஸ் கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் வீட்டுக்குப் போய் அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். நான் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு ஊட்டக்கூட ஆள் இல்லை. இப்போது மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். தலை சீவிவிடுகிறேன். சாயந்தரம் ஷெட்டை மூடிவிட்டுப் போனால் வீட்டில் அவள் இருக்கிறாள்.

நேற்று ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டாள். "இன்னும் அரச்சுத்து முடுக்கியிருக்கணும்ப்பா. அவரையும் கொன்னு, ஒங்க பேரையும் கெடுத்துட்டேன். என்னய மன்னிப்பீகளா?" என்று கேட்டாள். பெற்ற மனசு சார், கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே மன்னித்துவிட்டேன்.