கேட்டவருக்காகக் கற்றவர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் வெள்ளையம்மாள் அம்மா அவர்களே, இசைப் பேராசிரியர் தென்னரசு அவர்களே, திருவாமாத்தூரின் பெரியோர்களே, கோட்டக்குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களே, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பெற்றவளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் புனிதா. விழுப்புரத்தில் தமிழாசிரியை. இன்று நாம் பாராட்டும் பட்டதாரி ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். பட்டம் இசையில். படித்த இடம் திண்டிவனம் தாண்டியுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நாங்களும் முதலில் சிரித்தோம். ஆனால் ஏன் படித்தார்? எதற்குப் படித்தார்? யாருக்காகப் படித்தார்?

என் அப்பா முருகையன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அவருடைய அறைத்தோழர் கோட்டக்குப்பம் கலீல் ரஹ்மான். எனக்குக் கலீல் மாமா. அப்பாவுக்கு நம் ஊர்க் கோயிலில் பாடும் பதிகம் ஒன்று மனப்பாடம். தினமும் குளித்ததும் அதைப் பாடுவார். கலீல் மாமா அந்நேரம் தொழுகை முடித்து டீ போட்டுக்கொண்டிருப்பார். பாதி காதில் விழும், பாதி விழாது.

ஒருநாள் வேலையிடத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. மருத்துவமனையில் பிற்பகல் முழுதும் கலீல் மாமா பக்கத்திலேயே இருந்தார். அப்பா கேட்டாராம்: "பாய், நம்ம கோயில் பாட்ட கொஞ்சம் பாடேன். காதுல வுழட்டும்."

மாமா பாடினார். முதல் அடி வந்தது, இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அங்கேயே நின்றது. "தப்பா பாடறேன் முருகா." "பரவால்ல, பாடு." அதுதான் என் அப்பா பேசிய கடைசிப் பேச்சு.

அப்பாவின் உடல் வந்த பெட்டியோடு ஊர் வந்து, எங்களோடு அழுது, திரும்பிப் போன அந்த மனிதர், வேலையை முடித்துக்கொண்டு வந்ததும் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரு பாட்டுக்கு ஒரு பட்டமா என்று கேட்டேன். "பாட்ட மட்டும் கத்துக்கலாம்னுதான் போனேம்மா. சுருதின்னா இன்னான்னே தெரியல, பாட்டு எங்கேருந்து வரும்? அடியிலேருந்து வர்றேன்னு உக்காந்துட்டேன்."

தொழுகிற மனிதர் கோயில் பாட்டுப் படிக்கலாமா என்று உறவில் சிலர் கேட்டார்கள். அவர் மனைவி ஷரீபா பீவி சொன்ன பதில் இது: "ஒரே ரூம்ல கூடப் படுத்து எழுந்தவரு கேட்டத குடுக்க முடியலன்னு சோறு எறங்காம கெடக்குறாரு. படிச்சிட்டு வரட்டும்."

அங்கே ஓர் ஐயா கேட்கிறார், தனியாரில் சேர்ந்தாலே பட்டம் கொடுத்துவிடுவார்களே என்று. நல்ல கேள்வி ஐயா. முதல் பருவத்தில் அவர் தோற்றார். பாலைவனப் புழுதி தின்ற தொண்டை, சுருதியில் நிற்கவில்லை. சான்றிதழ் வகுப்புக்கு மாறச் சொன்னார் இதோ மேடையில் இருக்கும் பேராசிரியர். "சார், ஃபெயிலானா வெளிய அனுப்பிடுவீங்களா?" "இல்லைங்க, திரும்ப எழுதலாம்." "அப்ப எழுதறேன் சார்." எழுதினார், பாடினார், பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளோடு பாய் விரித்து அமர்ந்து பயின்றார், பயின்றார், தேறும்வரை பயின்றார்.

இறுதியாண்டில், அப்பாவின் நினைவுநாளன்று, சுருதிப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முழுப் பதிகமும் அவர் குரலில் இருந்தது. பெட்டியைத் திறந்தார். என் அம்மா கிருஷ்ணவேணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாம்ணே. அந்தப் பாட்டு அவரு கொரல்லதான் என் காதுல இருக்குது. நீங்க பாடினா அது போயிடும்."

நான் பதறினேன். மாமா பதறவில்லை. "சரி தங்கச்சி" என்று பெட்டியை மூடினார். போட்ட சோற்றைச் சாப்பிட்டார். பேருந்து ஏறினார்.

மனம் பொறுக்காமல் மறுநாள் கேட்டேன், படித்ததெல்லாம் வீணா மாமா என்று. அவர் சொன்னார்: "முருகையன் கேட்டான், கத்துக்கினேன். தங்கச்சி வேணாம்னுச்சு, வெச்சுக்கினேன். இதுல இன்னாம்மா வீணு?"

அவையோரே, இசையறிவு என்பது எது? பாடத் தெரிவதா? பல்லவி தெரிவதா? பட்டம் பெறுவதா? ஒருவர் கேட்கும்போது கொடுக்கத் தெரிவதும், ஒருவர் மறுக்கும்போது நிறுத்தத் தெரிவதும் இசையறிவு இல்லையா? கேட்கிறவரின் நெஞ்சறிந்து பாடுவது கலை என்றால், அந்த நெஞ்சறிந்து பாடாதிருப்பது அதனினும் கடினமான கலை. அதில் என் கலீல் மாமா முதல் வகுப்பில் தேறியவர்.

சென்ற வாரம், கேப்பைக்கூழ் கரைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அண்ணனுக்கு நம்மூர்ல மேடை போடும்மா. அந்தப் பாட்டு வேணாம். அவருக்கு இன்னா பாட்டு புடிக்கும்னு நாம யாரும் கேட்டதே இல்லயே. அத பாடச் சொல்லு. நான் முன்னால உக்காந்து கேக்கறேன்."

போனில் சொன்னேன். "யோசிச்சிட்டு வர்றேம்மா" என்றார்.

யோசித்து வந்திருக்கிறார். என்ன பாடப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. அமைதி காத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அழைத்து வந்த ஷரீபா அத்தைக்கு என் வணக்கம். மாமா, ஒலிவாங்கி உங்களுடையது.