மாமியாரின் கண்

கண்ணாடி துடைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காத வேலை, சார். எவ்வளவு துடைத்தாலும் யாராவது வந்து ஒரு கறையைக் காட்டுவார்கள்.

எங்கள் இயந்திரம் நிற்காமல் ஓடுகிற ரகம். ஒரு வாயில் மருந்துத் தூள், இன்னொரு வாயில் சத்தில்லாத வெறும் தூள். இரண்டும் சீராக விழுந்து, குழாய்க்குள் கலந்து, கையோடு மாத்திரையாகிவிடும். வழியில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் பின்னால் ஒரு சென்சார். மருந்து கூடினாலும் குறைந்தாலும் மணியடித்து, அந்தக் கலவையைக் கழிவுத் தொட்டிக்குத் தள்ளிவிடும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். நின்றால் குற்றம், நடந்தால் குற்றம்.

மருந்துத் தூள் தீர்ந்து மறுபடி கொட்டும்போதெல்லாம் ஓட்டம் கொஞ்ச நேரம் தடுமாறும். யார் கொட்டினாலும் தடுமாறும். மாமியார் கத்துவாள், தொட்டி நிறையும், மேலாளர் இறங்கி வருவார்.

"கழிவு கொட்டறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"தூள் விழற வாயை மாத்தணும் சார். போன வருஷமே சொன்னேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பேக்கிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது, அவ்வளவு எரிச்சல்.

ஒருநாள் ஏசி மக்கர் செய்தது. அறையில் ஈரம். நல்ல கலவையாக ஓடிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் தூள் ஜன்னலில் தானாகவே அப்பிக்கொண்டது. மாமியார் அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நான் துடைத்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. என் குற்றம் அவ்வளவுதான். மேலாளர் முதல் தடவையாக என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அது தானாக ஒட்டவில்லை. ஈர விரலால் நான்தான் ஒட்டினேன். அப்புறம் தினமும் ஒட்டினேன். சோதனைக்கு மாத்திரை எடுக்கிறவர் வருகிற நேரத்தில் மட்டும் தூள் கொட்டாமல் பார்த்துக்கொண்டேன். அவருக்கும் வேலை சுலபம்.

அது வலிப்பு மாத்திரை. அக்காவின் மகளும் அதைத்தான் சாப்பிட்டாள், எங்களுக்குக் கம்பெனியில் பாதி விலை.

"நம்ம கையால செஞ்சது தம்பி. உன் பையனும் இதைத்தானே சாப்பிடறான். எனக்கு அந்த நம்பிக்கை போதும்" என்பார் அக்கா.

நான் தலையாட்டுவேன்.

அந்தப் பெண் குளிக்கப் போனாள். கதவை உடைத்துத்தான் வெளியே தூக்கினார்கள். சாவு வீட்டுக்கு நானும் போனேன், சார். போகாமல் இருக்க மனசு வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வேளைகூட விடல தம்பி. நானே பிரிச்சுக் குடுத்தேன்."

"விதி, அக்கா" என்றேன்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. கலவை சரியாகத்தான் இருக்கும் என்று முழு மனசாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் தினமும் ஒட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பையனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறான். ஏசி மக்கர் செய்த அன்று சாயங்காலமே அவனுக்கு வேறு கம்பெனி மாத்திரை வாங்கிவிட்டேன், முழு விலை கொடுத்து. பெற்ற பிள்ளை விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியுமா, சார்?