தேர்வு அறைப் பெட்டிகள்

— அந்த நாற்காலியில உட்காருங்க சார், ரெண்டு பெட்டிக்கும் நடுவுல. கேட்கிறதுதானே உங்க தொழிலு?

— முழங்கால் வலியோட வந்திருக்கேன் மெக்கானிக். ஸ்பீக்கர் சரியாச்சா இல்லையா, அதைச் சொல்லு. எடுத்துட்டுப் போறேன்.

— வலது பெட்டி முடிஞ்சுது. இடதை வேணும்னேதான் தொடலை. முதல்ல இடதைக் கேளுங்க.

— ம்... பொண்ணு பாடுது. போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடுற மாதிரியில்ல இருக்கு?

— இப்ப அதே பாட்டு, வலதுல.

— அடடா! மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்குதேப்பா! என்ன பண்ணின?

— பெருசா ஒண்ணுமில்ல. மேல் சத்தத்தை மட்டும் பிரிச்சு சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்புற கெப்பாசிட்டர் ரெண்டு காஞ்சு போயிருந்துச்சு. மேல நாலுன்னு எழுதியிருக்கு, மீட்டர்ல வெச்சா ஒண்ணுகூடக் காட்டலை. கழட்டிட்டுப் புதுசு போட்டேன்.

— கெட்டிக்காரன்பா. அது சரி, யாரு இந்தப் பொண்ணு? இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லையே!

— கேட்டதே இல்லையா? ரொம்பச் சந்தோஷம் சார். வயிறு குளிர்ந்துபோச்சு.

— ஏம்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு உனக்கு?

— பெட்டி முதுகுல 'தேர்வு அறை மூணு'ன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கு. ஒலிப்பதிவு நிலையத்தை மூடினப்ப வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்க, இல்ல? இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதுங்களுக்கு முன்னால உட்கார்ந்துதான், பாட்டுத் தேர்வுக்கு வந்த என் தங்கச்சியைத் துரத்தினீங்க. 'குரல்ல உயிரில்லை'ன்னு. இப்பக் கேட்டீங்களே, அது அவ குரல். வீட்டுல டேப்புல பிடிச்சு வெச்சது.

— இது... உன் தங்கச்சியா?

— கெப்பாசிட்டர் ஒரே நாள்ல காயாது சார். அப்பவே செத்துக் கிடந்திருக்கு. செத்தது உங்க பெட்டிக்குள்ள, பழி அவ தொண்டை மேல.

— சரிப்பா. பெட்டி மேல தப்புன்னு வெச்சுக்கோ. என் மேலேயே வெச்சுக்கோ. இதோட விட்டுடு.

— விடவா? மூட்டை தூக்கினவன் சார் நான். அவ பள்ளிக்கூடத்தை நிறுத்தி, விடியக்காலம் எழுப்பி, வெளிக்கதவைப் பூட்டிட்டுப் பாட வெச்சேன். தொண்டை கட்டினாக்கூட விடலை. எல்லாம் உங்க ஒரு வார்த்தையில மண்ணாப் போச்சு. பெத்த பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட அவ அப்புறம் ஒரு வரி பாடினதில்ல. மனசு வெறுத்துப்போய், நர்ஸுக்குப் படிக்கிறேன்னு துணிமணியை எடுத்துட்டுக் கிளம்பிட்டா.

— படிப்பை முடிச்சாளா?

— இப்ப தலைமை நர்ஸ். அதுக்கென்ன?

— ஒண்ணுமில்லப்பா. நல்லா இருக்கட்டும்.

— நீங்க வாழ்த்தாதீங்க சார், பத்திக்கிட்டு வருது. ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு பெட்டியோட முதுகையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். கடைசியில போன வாரம் நீங்களே தூக்கிட்டு வந்து வெச்சீங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பாராட்டு விழாவாமே? மாலையோட உட்கார்ந்திருப்பீங்க. இந்த ரெண்டு காஞ்சதையும் மீட்டரையும் எடுத்துட்டு மேடைக்கே வர்றேன். இத்தனை வருஷம் எதை வெச்சு ஆளைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஊரே பார்க்கட்டும்.

— உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு.

— உங்க வாயால மன்னிப்பு. என் போன்ல பதிவு பண்ணி இப்பவே அவளுக்கு அனுப்புவேன். அன்னைக்கு நடந்தது என்னன்னு உள்ளதை உள்ளபடி சொல்லணும்.

— வேண்டாம் தம்பி. எனக்காக இல்ல, அவளுக்காகக் கேட்கிறேன்.

— அவளுக்காகவா? என்ன அக்கறை! சொல்றீங்களா, மேடையில பார்த்துக்கலாமா?

— அன்னைக்கு நீ எங்க நின்னே?

— வெளியில, நடையில. கதவைச் சாத்திட்டாங்க. பத்து நிமிஷத்துல அவ கண்ணைத் துடைச்சுட்டு வந்தா. கதையை மாத்தாதீங்க சார். பதிவு ஓடுது, பேசுங்க.

— அம்மாடி... தேர்வு அறையில இருந்தவன் பேசுறேன். என்னை மன்னிச்சுடும்மா. ஒரு வரிகூடப் பாடாம, 'குரல்ல உயிரில்லைன்னு நீங்களே சொல்லிடுங்கய்யா, இல்லாட்டி எங்க அண்ணன் என்னைப் படிக்க விடமாட்டாரு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே, அதை அவர்கிட்ட சொல்லமாட்டேன்னு உனக்குக் கொடுத்த வாக்கை இப்ப மீறிட்டேன்.