மார்ச் மாதத்து சீரியல் லைட்

ஹலோ... ஆமா, நான்தான், சொல்லு... கேக்குது, கேக்குது. ஸ்பீக்கர்ல போட்டு ஏணி மேல்தட்டுல வச்சிருக்கேன்... அம்மா வீட்டுலதான்டா. ஞாயித்துக்கிழமை வேற எங்க இருப்பேன்? நீ கிறிஸ்துமஸுக்கு மாட்டிட்டுப் போன சீரியல் லைட்டைக் கழட்டிட்டிருக்கேன்... ஆமாமா, மார்ச் முடியப் போகுது. தெரியும்... ஜனவரியில வந்து நானே கழட்டறேன்னு சொன்ன தம்பி நீதானே?... சரி, சரி. லீவு கிடைக்கலை. சரி.

... இல்ல. இன்னும் சொல்லலை.

... டேய், காலையில எட்டு மணிக்கு வந்தேன். வந்ததுல இருந்து குழாய், அப்புறம் பின் கதவு, இப்ப இது. நடுவுல எப்ப உக்காந்து, "அம்மா, உன்னை முதியோர் இல்லத்துல சேக்கப் போறோம்"னு சொல்றது?... உள்ள துணி மடிச்சிட்டிருக்காங்க. கேக்காது... தெரியும்டா, அஞ்சு மணிக்குள்ள இல்லத்துக்கு போன் பண்ணி சரின்னு சொல்லணும். இல்லன்னா அந்த ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நேத்தே மூணு தடவை சொல்லிட்ட.

... யாரு, என் வீட்டுக்காரரா? ஏணியைப் பிடிக்கறேன்னுதான் கூட வந்தாரு. நான் ரெண்டு படி ஏறினேன், அவருக்குத் தலை சுத்துது. கார்ல போய் உக்காந்துட்டாரு... சிரிக்காத. நீ வந்திருந்தா நீ பிடிச்சிருக்கலாம்.

... ம்... ம்... ஆமா, எனக்கும் ஞாபகம் இருக்கு. எதிர்வீட்டு டீச்சர் உனக்கு போன் பண்ணினாங்க. ஆறு மணியானா இந்த லைட்டு இன்னும் பளிச் பளிச்னு எரியுது, உங்கம்மாவுக்கு என்ன மாசம்னே தெரியலை போலன்னு சொன்னாங்க. அப்புறம் நீ ஒரு நாள் வந்த. குழாயில நூல் தொங்கறதைப் பாத்த. பின் கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுத்திருந்ததைப் பாத்த... டாக்டர்கிட்ட நீ ஒப்பிச்சது எல்லாம் எனக்கு மனப்பாடம்டா.

... அந்த நூலைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். கேளு... முதல்ல கேளு. காலையில அதை நான்தான் அவுத்தேன். அவுத்ததும் டொக்கு, டொக்குன்னு தொட்டியில சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. வாஷர் தேஞ்சு போயிருக்கு. நூல் இருந்தா தண்ணி அது வழியாவே சத்தமில்லாம இறங்கிடுமாம். அம்மாவுக்குத் தூக்கம் கெடாது... ஆமா. அவ்வளவுதான் விஷயம்... வாஷர் மாத்தியாச்சு, பத்து நிமிஷ வேலை.

... கதவா? தாழ்ப்பாள் திருகாணி கழண்டு விழுந்திருக்கு. ஓட்டை பெருசாயிடுச்சு, திருப்பிப் போட்டாலும் நிக்கலை. அதான் நாற்காலி. அந்தத் திருகாணியைக் காகிதத்துல மடிச்சு, மேல "பின் கதவு"ன்னு எழுதி டிராயர்ல வச்சிருக்காங்கடா. நான் கேட்டதும் நேராப் போய் எடுத்துக் குடுத்தாங்க... அதான் சொல்றேன். என் வீட்டுல கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது.

... இரு, இரு. அம்மா வெளிய வராங்க. ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிடறேன்.

என்னம்மா?... முழுசாத்தான் கழட்டறேன். ஏன்?... எந்த லைட்டு?... எப்ப இருந்து?... அவன்கிட்டயுமா?... சரிம்மா. பாக்கறேன். நீ நிழலுக்குப் போ.

... லைன்லதான் இருக்கேன்... ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்லன்னேன்ல. இரு, கீழ இறங்கிக்கறேன்.

... வாசல் லைட்டு எரியலையாம்டா... பல்பு இல்ல, ஹோல்டரே கருகிப் போயிருக்கு. இவ்வளவு நேரம் அதுக்குப் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன், பாக்கலை. நவம்பர்ல இருந்து இப்படித்தான். சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வந்தா சாவி போடற இடம் தெரியலையாம். நீ மாட்டின லைட்டு வந்ததும் நல்லதாப் போச்சுன்னு தெனம் ஆறு மணிக்குப் போட்டிருக்காங்க. இதைக் கழட்டிட்டா நான் எப்படிக் கதவைத் திறக்கறதுன்னு கேக்கறாங்க.

... யார்கிட்டயும் சொல்லலையாவா? சொல்லியிருக்காங்க. எங்கிட்ட நவம்பர்லயே சொன்னாங்க. வர ஞாயித்துக்கிழமை பாக்கறேம்மான்னேன். எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு... உங்கிட்டயும்தான். இதே ஏணியில நீ நின்னுட்டிருந்தப்ப. நீ ம்ம், ம்ம்னு தலையாட்டியிருப்ப. காதுல போன் இருந்திருக்கும்.

... இல்லடா, உன்னை மட்டும் குத்தம் சொல்லலை. நானும்தானே சரின்னேன். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த இல்லத்தைப் போய்ப் பாத்துட்டு வந்த அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேன். இனிமே ஞாயித்துக்கிழமை என்னுதுன்னு தோணிச்சு. அம்மாவுக்கு மறதி வந்துடுச்சுன்னு நீ சொன்னப்ப, நான் ஏன்னு கூடக் கேக்கலை. நம்பறது சுலபமா இருந்துச்சு.

... மறதியே இல்லன்னு சொல்ல வரலை. எழுபத்தெட்டு வயசு. போன வாரம் சாப்பிட்டியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க... கீழ விழுந்தா? விழலாம்... ஆமா... ஆமா, தனியாத்தான் இருக்காங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. போன் ஒரு தடவை எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் அடிச்சிட்டே இருக்கேன்... அதெல்லாம் சரி. பயமா இருக்குன்னு சொல்லி அவங்களை இல்லத்துக்குக் கூப்பிடு. எங்களால முடியலம்மான்னு சொல்லிக் கூப்பிடு. உனக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு சொல்லிக் கூப்பிடாத.

... நானா? நான் சொல்ல மாட்டேன்... கோவம் எல்லாம் இல்ல. தோள் ரெண்டும் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். நீ ஆடிக்கு ஒரு தடவை அமாவாசைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போவ, எல்லாத்தையும் முடிவு பண்ணுவ, அதை அவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்றது மட்டும் அக்கா வேலை... அஞ்சு மணிக்கு நான் யாருக்கும் போன் பண்ணப் போறதில்ல. நீ பண்றதுன்னா பண்ணு. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீயே சொல்லிடு... இப்பத்தான். பக்கத்துலயே இருக்காங்க... ஞாயித்துக்கிழமையில என்னடா மீட்டிங்?... ரெண்டு நிமிஷம்தான் ஆகும். குடுக்கறேன், பேசு... இல்ல, நீ பேசு.

அம்மா, இங்க வா. தம்பி லைன்ல இருக்கான்... உங்கிட்ட என்னவோ சொல்லணுமாம். இந்தா, காதுல வை... அப்படி இல்ல, திருப்பிப் பிடி. ஆங்.

... என்னம்மா?... சத்தமே இல்லையா? குடு, பாக்கறேன். ஹலோ?... ஹலோ?...

கட்டாயிடுச்சும்மா. சிக்னல் இல்ல போல... இல்ல, விசேஷமா ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டான்.