நாம் திறந்த கடையை நாமே விற்பதா?

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய கனகலிங்கம் அண்ணை அவர்களே, ஜேர்மனியின் எசன் நகரத்துக் குளிரையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே, வேலைக் களைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தமிழ் புரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத் தலையசைக்கும் அயலவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

நம் தெருக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டபோது, நாமெல்லோரும் பங்கு போட்டு ஒரு கடை திறந்தோம். பக்கத்துத் தோட்டத்துக் கிழங்கும் நம் வீட்டு அடுப்பில் வெந்த பலகாரமும் அங்கே விலைப்பட்டன. அந்தக் கடையை இன்று ஒரு பெருநிறுவனம் கேட்கிறது. நல்ல விலைக்குத்தான் கேட்கிறது. கொடுப்பதா, கூடாதா? முடிவெடுக்குமுன் கொட்வினை நினையுங்கள்.

தொழிற்சாலையில் இரவு பகலாக உழைத்தவர் கொட்வின். தெருக்கோடியில் பெரிய வீடு வாங்கினார். வீடு நிறையப் பொருள் வாங்கினார். எல்லாம் வந்து சேர்ந்த வேளையில் மனைவி பிளோறன்ஸ் இறந்துபோனார். மகள் ஜெனிற்றா தொலைவில் ஹனோவர் நகரில் இருந்தாள்.

ஒருநாள் கொட்வின் நம் கடைக்குப் பாண் வாங்க வந்தார். கடையில் நின்ற கலாதேவி அக்கா, "அண்ணை, உங்கடை பேர் என்ன?" என்றார். பேரைச் சொன்னவர் விம்மிவிட்டார்.

"தங்கச்சி, வீட்டிலை எல்லாம் கிடக்கு. பேர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை."

"நாளைக்கு மரக்கறிப் பெட்டியள் வரும், கொட்வின் அண்ணை. எனக்குத் தனியத் தூக்க ஏலாது. வருவியளோ?"

"ஓம், வாறன்."

வந்தார். அன்றிலிருந்து நாள் தவறாமல் வந்தார். சென்ற மாரியில் ஒரு காலை வரவில்லை. கலாதேவி அக்கா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். கதவை உடைத்து உள்ளே போய், விழுந்து கிடந்தவரை மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஜெனிற்றா பதறிக்கொண்டு வந்தபோது அறைக்குள் நிற்க இடமில்லை! துருக்கிய இறைச்சிக்கடைக்காரர் ஒருபுறம், கிழங்குத் தோட்டக்காரர் ஒருபுறம், கஞ்சியோடு கலாதேவி அக்கா ஒருபுறம்.

"அப்பா, ஆர் இவையெல்லாம்?"

"என்ரை சனம், பிள்ளை."

அந்தக் கிழமை முடியுமுன்னே கொட்வின் கண்ணை மூடினார். ஆனால், அவர் தனியாகப் போகவில்லை!

என்ன தம்பி, கடையில் லாபம் இல்லை என்கிறீர்களா? ஓம், பெரிய லாபம் இல்லை, மறைக்க மாட்டேன். ஆனால் கேட்கிறேன்: எந்தப் பெருங்கடை கொட்வினின் பேரைக் கேட்டிருக்கும்? எந்தப் பெருங்கடை அவர் கதவைத் தட்டியிருக்கும்? எந்தப் பெருங்கடை அவருக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கும்? பொருள் வேண்டும், உறவுகளே. பொருளில்லாமல் வாழ ஏலாது. ஆனால் ஒரு மனிதன் விழுந்தால் ஓடி வருவது பொருளா, அயலா?

தலைவர் அனுமதியோடு கேட்கிறேன்: விற்க வேண்டாம் என்போர் கை உயர்த்துங்கள்!

அதோ, மண்ணில் உழைத்த கை! மாப்பிசைந்த கை! நடுங்கினாலும் தாழாத முதிய கை! எண்ணவும் வேண்டுமோ, தலைவரே? நாளைக் காலை நம் கடை திறந்திருக்கும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, உயர்ந்த அத்தனை கைகளையும் என் இரு கை கூப்பி வணங்கி அமர்கிறேன். வணக்கம்!